மேல் வீடு வகுத்தல் கீழ் வீடு

அதிசயம் நடக்கிற வீட்டில் முதலில் கெட்டுப்போவது காலைப் பலகாரம்தான். கோவில்பட்டி தாமரைக்கிணற்றுத் தெருவில், தெருவுக்கே ஒரே மாடி வீடு என்பதால் மாடி வீடு என்றே பேர் வாங்கிய அந்த வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல் காய்ந்து முதல் தோசை ஊற்றியாகி, சட்னிதான் பாக்கி என்கிற நேரத்தில், மேல் வீட்டு மிக்சியும் கீழ் வீட்டு மிக்சியும் ஒரே நொடியில் இல்லாமல் போயின. சத்தமில்லை, புகையில்லை. மேலே கோமதி அரைக்கப் போட்ட தேங்காய்ச் சில்லும் பச்சைமிளகாயும் சமையல் மேடையில் கிடந்தன. கீழே இசக்கி போட்ட பொட்டுக்கடலை தரையெல்லாம் உருண்டது. சுவிட்ச் போட்டது போட்டபடி இருக்க, மிக்சி மட்டும் இல்லை.

"கீழ வீட்டுக்காரி வேலையாத்தான் இருக்கும்" என்று மேலே கோமதி சொன்னாள். "மேல வீட்டுக்காரி கண்ணு பட்டே போச்சு" என்று கீழே இசக்கி சொன்னாள். ரெண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் குருவையாவுக்கு வாக்கப்பட்டவள் கோமதி, தம்பி பேச்சிமுத்துவுக்கு வாக்கப்பட்டவள் இசக்கி. அவர்கள் நேருக்கு நேர் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி பேசாத நாள் கிடையாது.

அந்த எட்டு வருஷத்தைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே தாய், சண்முகவடிவு. ஒரே தொழில், கடலைமிட்டாய். ஒரே பட்டறை, ஒரே பாகுச் சட்டி. தாய் கண்ணை மூடுகிறபோது மருமக்கள் ரெண்டு பேரும் பிள்ளைத்தாச்சிகள். செத்துப்போன ஆத்தா பேரைப் பேத்திக்கு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் ஆத்தா திரும்பி வர வழி தெரியாமல் முச்சந்தியில் நிற்பாள் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். புரட்டாசியில், நாள் தவறி, எட்டாம் மாதமே இசக்கிக்குப் பெண் பிறந்தது. பதினோரு நாள் கழித்து, டாக்டரம்மா குறித்துக் கொடுத்த அதே நாளில், கோமதிக்குப் பெண் பிறந்தது. "மூத்தவன் பிள்ளைக்குத்தான் ஆத்தா பேரு" என்றான் குருவையா. "முதல்ல வந்த பிள்ளைக்குத்தான் ஆத்தா பேரு" என்றான் பேச்சிமுத்து. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள், பேசிய வாய் வலித்ததுதான் மிச்சம். ஆளுக்கொரு நாள் நகராட்சிக்குப் போய், ஆளுக்கொரு வரியில், கு. சண்முகவடிவு என்றும் பே. சண்முகவடிவு என்றும் எழுதிவிட்டு வந்தார்கள். அதோடு பட்டறை ரெண்டானது. வீட்டுக்குள் இருந்த மாடிப்படியை இடித்து, படி ஏறிய ஓட்டையைக் காங்கிரீட் போட்டு மூடி, வெளியிலிருந்து புதுப் படி கட்டி, மூத்தவன் மேலே, இளையவன் கீழே என்று ஆனார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே பக்கத்து வழக்கம்தான். புருஷன்மார் மல்லுக்கட்டி வாங்கின பேரை, வாங்கின நாளிலிருந்து, பெற்ற தாய்மார் ஒரு தடவைகூடக் கூப்பிட்டது கிடையாது. கோமதி தன் மகளைப் பாப்பா என்றாள். இசக்கியும் தன் மகளைப் பாப்பா என்றாள். பேர்தான் இப்படி என்றால் மற்றதெல்லாம் அதைவிட மோசம்: மேலே கிரைண்டர் வந்தால் பத்து நாளில் கீழேயும் அதே கம்பெனிக் கிரைண்டர் வரும், கீழே நீலத் திரைச்சீலை தொங்கினால் மேலேயும் நீலம் தொங்கும், ஒரு பாப்பாவுக்கு மயில் கழுத்துப் பச்சையில் பாவாடை என்றால் இன்னொரு பாப்பாவுக்கும் அதே பச்சை, அதே ஜரிகை, அதே தையல்காரர். எதிலும் குறைந்து போகக் கூடாது என்று ரெண்டு வீடும் ஓடி ஓடி, கடைசியில் ரெண்டும் ஒரே வீடாக ஆகிப்போயிருந்தன, சண்டை ஒன்றைத் தவிர.

மிக்சிக்கு அடுத்த நாள் கிரைண்டர் போனது. அதற்கடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டி. உள்ளே இருந்த மாவும் தயிரும் மேலேயும் கீழேயும் தரையில் வழிந்தன. பிறகு கட்டில், பிறகு டிவி. ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. இணை இல்லாததெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேல் வீட்டுத் தையல் மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழ் வீட்டு மீன் தொட்டியில் மீன்கள் பாட்டுக்கு நீந்தின. பிளாஸ்டிக் நாற்காலி மேலே ஆறு, கீழே நாலு இருந்தது. ஒரு காலையில் பார்த்தால் கீழே ஒன்றுமில்லை, மேலே ரெண்டு. குருவையா அந்த ரெண்டில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, "பார்த்தியா, நம்ம பக்கம்தான் நியாயம்" என்றான். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் கோமதி பதினோரு வருஷமாகச் சோறு போடுகிறாள்.

கோமதிக்கு விஷயம் பிடிபட்டது டம்ளரில். ஆத்தா வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் டம்ளர் பன்னிரண்டு, எல்லாவற்றிலும் 'ச. வடிவு' என்று புள்ளி புள்ளியாய்ப் பேர் வெட்டியிருக்கும். பிரிக்கும்போது மேலே ஏழு, கீழே ஐந்து என்று வந்திருந்தது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் கீழே ஒன்றுகூட இல்லை. மேலே அலமாரியில் ஒரே டம்ளர் போல ஒன்று நின்றது. எடுத்துப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்று இறங்கி இறுகிய ரெண்டு டம்ளர். வெட்டியிருந்த பேருக்கு மேலே, வலது தோளில், சின்னதாக, யாரும் வெட்டாத ஒரு 2 இருந்தது.

கோமதி பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைப் பிள்ளைக்கு ஃபீஸ் கணக்குப் போடக்கூட யாரும் கேட்டதில்லை. அந்தக் குட்டி ரெண்டைப் பார்த்ததும் அவளுக்கு எட்டாம் வகுப்பு நோட்டு கண்ணுக்குள் வந்தது: கோட்டுக்கு மேலே ஒரு எழுத்து ஏழு அடுக்கு, கோட்டுக்குக் கீழே அதே எழுத்து ஐந்து அடுக்கு, பக்கத்தில் 'சுருக்குக' என்று ஒரு வார்த்தை. ஏழில் ஐந்து போக ரெண்டு. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் ஓடிய காங்கிரீட் தளத்தை அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். வீட்டுச் சுவரின் குறுக்கே ஒரு கோடு, நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஓடியது.

குழாயடியில் இதைச் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஜெராக்ஸ் கடை அமலோற்பவம் குடத்தை நிமிர்த்திக்கொண்டே, "அப்போ இது பேய் பிசாசு இல்ல, பாடம்தான்?" என்றாள்.

"பாடம்தான்க்கா. மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருந்தா அடிச்சிருவோம்லா, அதான். ஒரு நாளைக்கு ஒரு வரி."

"யாரு போடுதா?"

"அது தெரியல."

"சரி, எல்லாத்தையும் அடிச்ச பெறவு என்ன மிஞ்சும்? பூஜ்ஜியமா?"

"ஒண்ணு மிஞ்சும்."

"எந்த ஒண்ணு?"

கோமதி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டாம் வகுப்பில் அவளும் பூஜ்ஜியம் என்றுதான் எழுதினாள். அடுக்கில் பூஜ்ஜியம் வந்தால் எந்த எழுத்தாக இருந்தாலும் விடை ஒன்று என்று டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருந்தார். அந்த ஒன்று எங்கே டீச்சர் இருக்கிறது, கண்ணில் படவில்லையே என்று கேட்டதற்கு, அது எதோடு பெருக்கினாலும் அதை மாற்றாது, அதனால் இருப்பது தெரியாது, ஆனால் இருக்கும் என்று சொன்னார். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

தெரு நாலே வாரத்தில் பழகிக்கொண்டது. காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் மேல் வீட்டுக்குத் திங்கள்கிழமையும் கீழ் வீட்டுக்கு அது தீர்ந்த பிறகும் என்று முறை வைத்தார். பால்காரர் மேலே கறந்த பால், கீழே பாக்கெட் பால் என்று பிரித்தார். தீபாவளிக்குத் தட்டு கொண்டு போகிறவர்கள் மேலே முறுக்கு, கீழே அதிரசம் வைத்தார்கள். மறந்து ரெண்டுக்கும் முறுக்கு வைத்தவள் வெறுந்தட்டோடு திரும்பி வந்து, அடுத்த வீட்டில் அரைமணி நேரம் சிரித்தாள். அச்சாபீஸ்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ரெண்டு வீட்டுக்கும் கொடுத்த கையோடு மறைந்துபோய், முகூர்த்தத்துக்கு ரெண்டு வீட்டிலிருந்தும் யாரும் வராமல், அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அதிலிருந்து தாமரைக்கிணற்றுத் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் பத்திரிகை ரெண்டு நிறத்தில் அடிப்பது வழக்கமானது, மாடி வீட்டுக்கு மேலே மஞ்சள், கீழே ரோஸ்.

வழக்கமாகிவிட்டால் அதில் ஒரு உபயோகத்தைக் கண்டுபிடிக்காமல் விடுமா ஊர்? கால் உடைந்த ஸ்டூல் ரெண்டு இருந்தால் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்துவிட்டுப் போனார்கள், மறுநாள் தொல்லை விட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனசில் கிடக்கிறதையும் கொண்டு வர ஆரம்பித்தார்கள். அமலோற்பவத்தின் கடையில் கூட்டம் நின்றது. தோற்ற மார்க் ஷீட், சேராத ஜாதகம், பெண்டாட்டி படுத்த படுக்கையாய்க் கிடந்த நாட்களின் ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றையும் ரெண்டு நகல் எடுத்து, ஒன்றைப் படியேறி மேலே கொடுத்து, ஒன்றைக் கீழ் வாசலில் கொடுத்து, கை கூப்பிவிட்டுப் போனார்கள். நகலும் நகலும் போய்விடும். அசல் வீட்டில் பீரோவிலேயே இருக்கும். "அசலை எவன்யா இன்னொன்னு வச்சிருக்கான்" என்று அமலோற்பவம் சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கினேன் என்றார், அதற்கு யார் என்ன சொல்ல முடியும்.

சிரிப்பெல்லாம் யூனிஃபார்ம் போகிறவரைதான். ஒரு புதன்கிழமை மேல் பாப்பாவின் யூனிஃபார்மும் கீழ் பாப்பாவின் யூனிஃபார்மும் கொடியிலிருந்து போயின. வியாழன் ரிப்பன், வெள்ளி செருப்பு. கோமதி படித்தவள் அல்லவா, கணக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவிட்டது. நேரே குழாயடிக்குப் போனாள்.

"என் மகளும் அவ மகளும் ஒரே பேரு, அக்கா."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. பிறகு அமலோற்பவம்தான், "ஏட்டி, இனிஷியல் வேறல்லா? அவ கு., இவ பே. வெட்டாது, பயப்படாத" என்றாள். அதைப் பற்றி மூன்று நாள் தெரு முழுக்க வழக்காடியது. இனிஷியல் இருக்கிறவரை ஆபத்தில்லை என்று ஒரு கட்சி. வீட்டுக்குள்ளே பிள்ளையை எவன் இனிஷியல் போட்டுக் கூப்பிடுகிறான் என்று இன்னொரு கட்சி. கோமதி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்கிற எண் மேலே மூன்று, கீழே ஐந்து என்று வேறு வேறாக இருந்தாலும், எழுத்து எழுத்தோடு அடிபட்டுத்தான் போகும், முன்னால் நின்றது மட்டும் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் மேலே ஒரு கு., கீழே ஒரு பே. மிஞ்சும். இனிஷியலை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்?

மறு வாரம் சனிக்கிழமை காலை அவள் அடுப்படியில் நின்றபோது மகள் வாசலில் நின்று வாயைத் திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை. அவள் "அம்மா" என்று கூப்பிட்ட அதே நொடி, கீழே இசக்கியின் மகளும் "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள். ரெண்டு கூப்பாடும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. மகள் மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் வாய் மட்டும் அசைந்தது. கோமதி கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

இந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று குருவையாவிடம் அழுதாள். "நான் மூத்தவன், நான் ஏன் இறங்கணும்? அவனைப் போகச் சொல்லு" என்றான். கீழே பேச்சிமுத்துவும் அதே நேரத்தில், "ஆத்தா வாழ்ந்த தரை, நான் ஏன் போகணும்? அவனைப் போகச் சொல்லு" என்று இசக்கியிடம் சொன்னதை ஜன்னல் வழியாகத் தெருவே கேட்டது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். சரி, நாம் போவோம் என்று ஞாயிற்றுக்கிழமை கோமதி ஒரு பையில் துணியை அடைத்து, பாப்பாவைப் பிடித்துக்கொண்டு, சங்கரன்கோவில் பஸ் ஏறினாள். ஊர் எல்லை தாண்டி ஒரு கண் இமைப்பதற்குள், பையும் கையுமாகத் தன் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கீழே இசக்கியும் அதே நேரம் எட்டயபுரம் பஸ் ஏறியிருக்கிறாள். மேலே ஒரு புறப்பாடு, கீழே ஒரு புறப்பாடு. ரெண்டும் அடிபட்டுப் போய்விட்டன. இனிமேல் அவள் போகட்டும், நாம் போகவேண்டாம் என்று கோமதி தீர்மானித்தாள். இசக்கியும் அதையே தீர்மானித்திருப்பாள் போல, அந்தத் தீர்மானமும் அடிபட்டுப்போய், மறுநாள் ரெண்டு பேரும் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மறுபடி அடுப்படிக்கே வந்தார்கள். அமலோற்பவம் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பயம்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், பாப்பா தரையில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோமதி அப்பளத்தை நீட்டினாள். வாங்க நீட்டின சின்னக் கைக்குப் பின்னால் தட்டின் விளிம்பு தெரிந்தது. கை இருந்தது, கைக்குள்ளே தட்டும் தெரிந்தது. பாப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். ஈஸ்வரி, தாயே, என்ன செய்வேன் என்று கோமதி சுவரில் சாய்ந்தாள்.

பயத்தில் சில பேருக்குப் புத்தி மழுங்கும், சில பேருக்குத் தீட்டிக்கொள்ளும். கோமதிக்கு அந்த நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் போகிறது என்றால், முதலில் போயிருக்க வேண்டியது எது? இந்தச் சண்டை அல்லவா? மேலே எவ்வளவு வீம்போ கீழேயும் அவ்வளவு வீம்பு, மேலே எத்தனை வசவோ கீழேயும் அத்தனை வசவு. மிக்சிக்கு முன்னால், கிரைண்டருக்கு முன்னால், அதுதானே அடிபட்டிருக்க வேண்டும்? போகவில்லை என்றால் ரெண்டும் சமமில்லை. எங்கேயோ ஒரு பக்கத்தில் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். அத்தை சாவதற்கு முந்தின நாள், பக்கத்தில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது கோமதி ஒருத்திதான். அத்தை அவள் வயிற்றில் கை வைத்து, "மூத்தவன் இளையவன்லாம் பார்க்காதீக. எது முதல்ல பூமிக்கு வருதோ அதுக்கு என் பேரை வைங்க" என்றாள். கோமதிக்குத்தான் முதலில் நாள் குறித்திருந்தது. சந்தோஷத்தில் அத்தையின் காலைப் பிடித்துவிட்டாள். பிறகு இசக்கிக்கு எட்டாம் மாதமே வலி வந்தது. கோமதி அந்தச் சொல்லை விழுங்கினாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குருவையா அன்றைக்கே தலையாட்டியிருப்பான், ஆத்தா சொன்னது அவனுக்கு வேதம். ஒரு பேருக்கு ஆசைப்பட்டு, கூப்பிடக்கூட முடியாத பேருக்கு ஆசைப்பட்டு, அவள் ஒரு வீட்டை ரெண்டாக்கியிருந்தாள்.

கோமதி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டு வயசுப் பிள்ளை, தலையணை கனம்கூட இல்லை.

"எங்கட்டி போற, வேகாத வெயில்ல?" என்றான் குருவையா.

"கீழ" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். அவன் வாயில் வைத்த சோறு வாயிலேயே நின்றது.

கீழ் வாசலில் எட்டு வருஷமாக அவள் கால் படவில்லை. இசக்கி நடு வீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்துக்குள் இசக்கியின் சேலைப் பூ தெரிந்தது. கோமதியைப் பார்த்ததும் இசக்கி சண்டையை மறந்துவிட்டாள். "அக்கா, பாப்பா தெரிய மாட்டேங்கா, அக்கா" என்று வாய்விட்டு அழுதாள்.

கோமதி நின்றபடியே சொன்னாள். அத்தை கஞ்சி குடித்தது, வயிற்றில் கை வைத்தது, சொன்னது, தான் விழுங்கியது எல்லாம் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை, தனக்காக ஒரு சமாதானமும் சேர்க்கவில்லை.

இசக்கி அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "எட்டு வருஷம், அக்கா" என்றாள். "என் பிள்ளைக்குக் காது குத்துக்கு நீங்க வரல. எங்க அம்மா செத்ததுக்கு வரல. ஒரு வார்த்தை வாய்க்குள்ள வச்சிக்கிட்டு எப்படிக்கா தூங்குனீக?"

"தூங்கல, இசக்கி."

"நல்லா வேணும்" என்றாள் இசக்கி. சொல்லிவிட்டு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

கோமதி உட்கார்ந்தாள். தன் மகளைப் பக்கத்தில் இறக்கிவிட்டு, இசக்கியின் மகளை மடியில் வாங்கிக்கொண்டாள். பேர் வைப்பது என்றால் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். மாமியார் பேரை வாயால் சொன்னால் என்ன ஆகுமோ ஆகட்டும் என்று அந்தப் பிள்ளையின் காதருகே குனிந்து, "சண்முகவடிவு" என்றாள். அவள் நாக்கு அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சண்முகவடிவு. சண்முகவடிவு." மூன்றாவது தடவைக்குப் பிள்ளையின் முகத்தில் சேலைப் பூ மறைந்தது; காதோரத்து முடியும் கன்னத்து மச்சமும் வந்தன. கூச்சம் தாங்காமல் அது தோளை உயர்த்திச் சிரித்தது.

"என் பேரு?" என்று கேட்டாள் கோமதியின் மகள். குரல் கேட்டது, ஆனால் எங்கேயோ தூரத்திலிருந்து கேட்டது. பேரைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை வெறும் இனிஷியலாய் உட்கார்ந்திருந்தது. கொடுக்கக் கோமதியிடம் வேறு பேர் இல்லை. எட்டு வருஷம் அவள் அந்த ஒரு பேரைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

இசக்கிதான் எழுந்தாள். வந்த கோபம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணீரும் அப்படியே இருந்தது. பிள்ளையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஊருக்கே தாயி செண்பகவல்லி இருக்காளே, அவ பேரை வைக்க யாரைக் கேட்கணும்?" என்றாள். காதில் வாயை வைத்து, "செண்பகம். செண்பகம். செண்பகம்" என்றாள். மூன்றாவதற்கு இசக்கியின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. "அடேயப்பா, என்னா கனம் கனக்கா!" என்று அவள் சிரித்தாள், பிறகு கோமதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் சத்தமாக அழுதார்கள்.

சமமாகிவிட்ட சண்டை அந்த நேரத்திலேயே போய்விட்டது. குருவையா மேல்படியில் சோற்றுக் கையோடு நின்றான், பட்டறையிலிருந்து வந்த பேச்சிமுத்து கீழ்படியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். அடுப்படிக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறவர்கள் மாதிரி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "சாப்பிட்டியாடே?" என்றான் அண்ணன். "இல்லண்ணே" என்றான் தம்பி. எட்டு வருஷ வீம்பு அவ்வளவுதான்.

போன சாமான்கள் திரும்பி வரவில்லை. அடித்தது அடித்ததுதான். மிக்சி ஒன்று, கிரைண்டர் ஒன்று, குளிர்சாதனப் பெட்டி ஒன்று என்று வாங்கி, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், படி திரும்புகிற இடத்தில் ஒரு தகரக் கூரை போட்டு வைத்தார்கள். மாவெடுக்க ஒருத்தி இறங்குவாள், தயிரெடுக்க ஒருத்தி ஏறுவாள். அங்கே நின்று பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழியும். அமலோற்பவம் ஒரு நாள் உறை மோர் வாங்க வந்தவள், மூன்றாம் படியில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி கோமதி, எல்லாம் அடிபட்ட பெறவு ஒண்ணு மிஞ்சும்னியே, கடைசில அது எது?" என்று கேட்டாள்.

"இன்னும் பார்க்கலக்கா" என்றாள் கோமதி. "இருக்கு."

ஒரு விஷயத்தில் மட்டும் தெருவுக்கு இன்றுவரை கோமதி மேல் சலிப்பு உண்டு. காலையில் கண் விழித்ததிலிருந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். காரியம் இருந்தாலும் கூப்பிடுவாள், இல்லாவிட்டாலும் கூப்பிடுவாள். பிள்ளை படியில் சண்முகவடிவோடு கல் ஆடிக்கொண்டிருக்கும், மேலேயிருந்து "செண்பகம்!" என்று குரல் வரும்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்."

பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு திரும்பிக் கல்லைப் போடும். கோமதி உள்ளே போய் ரெண்டு நிமிஷம் வேலை பார்ப்பாள். பிறகு மறுபடியும் ஜன்னலுக்கு வந்து கூப்பிடுவாள்.